வேட்டை ரைஃபிளுக்குத் துல்லியமான தோட்டா நாமே செய்வது: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். இங்கே வேலைக்கு வந்து, நண்பர்களோடு ஒரு தடவை காட்டுக்குப் போய், அப்புறம் இதில் இறங்கிவிட்ட நம் ஆட்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். தோட்டா என்று நான் சொல்வது முழுசாக: பித்தளை கேஸ், அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து (வெடிமருந்து), வாயில் குண்டு. லோடு என்றால் இந்த நான்கின் சேர்மானம். மருந்தின் எடையைக் கிரெயினில் சொல்வார்கள், 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. அந்த எடை எதையும் இங்கே எழுதப்போவதில்லை, ஏன் என்பது ஐந்தாவது கேள்வியில் வரும்.

கடையிலேயே தோட்டா கிடைக்குதே, எதுக்கு வீட்டுல உட்கார்ந்து செய்யணும்?

செய்தே ஆக வேண்டும் என்றில்லை. இப்போது கடையில் வரும் வேட்டைத் தோட்டாக்கள் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் ரைஃபிள் கடைத் தோட்டாவில் 100 யார்டில் ஓட்டைகளெல்லாம் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும்படி சுடுகிறது, நீங்கள் 200 யார்டைத் தாண்டி மானைச் சுடுவதில்லை என்றால், அந்தப் பெட்டியிலேயே இன்னும் நான்கு வாங்கி வைத்துவிட்டுப் பயிற்சி எடுங்கள்.

செய்வதற்கு நல்ல காரணங்களும் உண்டு. 2020, 2021-இல் கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தபோது பழைய கேஸும் கையில் கொஞ்சம் மருந்தும் பிரைமரும் வைத்திருந்தவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்கள். சில பழைய காலிபர்களுக்கு (தோட்டாவின் அளவு வகைகளுக்கு) கடையில் ஒரே ஒரு வகைதான் வரும், அது உங்கள் ரைஃபிளுக்குப் பிடிக்காமல் போகலாம். பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து இறங்காதீர்கள், ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு குறையும், ஆனால் நீங்கள் சுடும் எண்ணிக்கை ஏறிவிடும்.

நான் எச்-1பி விசாவுல இருக்கேன். இதெல்லாம் செய்யலாமா? ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அந்த உரிமம் முடிந்த மறுநாள் விலக்கும் முடிந்துவிடும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலைமையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே எதையும் வாங்குங்கள், குடியேற்றக் கோப்பில் ஒரு தவறு பதிவானால் அதை யாராலும் அழிக்க முடியாது. டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பும் முடித்திருக்க வேண்டும்.

சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை, விற்பதற்கென்று செய்தால் தேவை. ஊருக்கு ஒரு காலி கேஸைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவில் ஆயுதச் சட்டம் வேறு, 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறு. ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சித் திடலுக்கு, தூக்கிப்போன பையையே விமானத்துக்கும் எடுத்துப்போய், மூலையில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்களின் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ரேஞ்சுப் பை ரேஞ்சுக்கு மட்டும்தான்.

ஆரம்பிக்க என்னென்ன வேணும்?

ஒற்றை நிலை பிரஸ் (கைப்பிடியால் அழுத்தும் கருவி) ஒன்று, உங்கள் காலிபருக்கான டை செட் (கேஸை வடிவமைத்துக் குண்டை வைக்கும் அச்சுகள்), கேஸைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், நீளம் அளக்கும் காலிப்பர், தராசு, கேஸ் வெட்டும் டிரிம்மர், கேஸ்களை நிறுத்தி வைக்கும் லோடிங் பிளாக், மருந்து அளவுகள் அச்சிட்ட, இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் கையேடு. வேகம் அளக்கும் குரோனோகிராஃபை ஆடம்பரம் என்று முன்பு சொல்வேன், இப்போது சொல்வதில்லை. பிரஸ் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, தராசில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சோதனை எடைக்கல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் சரிபாருங்கள். மின்விசிறிக் காற்று பட்டால்கூடத் தராசு ஆடும்.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. போட்டு முடித்ததும் மீதியை அதே டப்பாவில் திருப்பி ஊற்றி மூடி, அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்தது. 50 கேஸையும் பிளாக்கில் நிறுத்தி, குண்டு வைப்பதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று பள்ளமாகவோ மேடாகவோ தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிறுத்துப் போடுங்கள்.

எந்தக் குண்டுல ஆரம்பிக்கிறது?

மிருகத்திலிருந்து ஆரம்பியுங்கள். வெள்ளைவால் மானுக்கு விரியும் குண்டு வேண்டும், நெஞ்சுக்குள் போய் விரிந்து வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். இலக்குப் போட்டிக்குச் செய்த குண்டு காகிதத்தில் அழகாகக் குவியும், ஆனால் உடம்புக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜான் நோஸ்லர் 1940-களில் மூஸ் (பெரிய வகை மான்) வேட்டையில் குண்டு சரியாக ஊடுருவாமல் போனதைப் பார்த்துத்தான் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். எல்லா ரைஃபிளிலும் அது மிகச் சிறிய குவியலைத் தருவதில்லை, இருந்தும் இத்தனை வருஷமாக ஆட்கள் விடாமல் வாங்குகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயமில்லாத தோட்டாதான். செம்பு, ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான ட்விஸ்ட் வேண்டும், அதாவது குழலுக்குள் குறைந்த தூரத்திலேயே ஒரு முழுச் சுற்று. .308, .30-06 காலிபர்களில் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5 கிரீட்மூரில் 8 அங்குலத்துக்கு ஒன்று. உங்கள் ரைஃபிளின் ட்விஸ்ட் தெரியாமல் குண்டு வாங்காதீர்கள்.

நண்பர் ஒருத்தர் அவரோட லோடு அளவை வாட்ஸப்ல அனுப்பினார். அதையே போடலாமா?

போடாதீர்கள். அவர் நல்லவர்தான், அளவும் அவருக்குச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அது அவருடைய ரைஃபிள், கேஸ், பிரைமர், மருந்து லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த அளவு. ராணுவ கேஸின் சுவர் பல சமயம் தடிமனாக இருக்கும், உள்ளே இடம் குறையும், அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். கையேட்டில் உங்கள் குண்டுக்கும் உங்கள் மருந்துக்கும் போட்டிருக்கும் ஆரம்ப அளவில் தொடங்குங்கள். அதிகபட்சம் மட்டும் போட்டிருந்தால் 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். சில மருந்துகளுக்கு ரொம்பக் குறைப்பதும் ஆபத்து, அதனால் கையேடு சொல்லும் கீழ் எல்லைக்கும் கீழே போகாதீர்கள்.

மருந்தின் பெயரில் கவனம். ஐஎம்ஆர் 4350 வேறு, எச்4350 வேறு. எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. பிரைமரை மாற்றினாலும், குண்டின் கம்பெனியை மாற்றினாலும், புது லாட் மருந்து வாங்கினாலும் கீழே இறங்கி மறுபடி ஏறி வாருங்கள். இந்தக் காரணத்தால்தான் நானும் யாருக்கும் எண் கொடுப்பதில்லை.

அழுத்தம் ஏறிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

.308-க்கு அமெரிக்கத் தரநிலை வைத்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு, .30-06-க்கு 60,000. இதை வீட்டில் சாதாரணமாக அளக்க முடியாது, அறிகுறியைத்தான் பார்க்கிறோம். போல்ட்டை (தோட்டா இருக்கும் அறையை மூடும் பாகம்) தூக்கும்போது கை கனத்தால், கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் பாகம்) ஓட்டையின் அளவுக்கு வட்டமாக ஒரு பளபளப்பு தெரிந்தால், பிரைமர் தன் குழியில் இறுக்கம் இல்லாமல் இருந்தால், அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போட்டு வைத்த தோட்டாக்களைச் சுடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்க் குண்டை இழுத்துப் பிரியுங்கள். ஒரு ஆகஸ்ட் மதியம் என் .30-06-இல் அப்படி ஒரு கேஸ் வந்தது: எழுத்துப் பொறித்த இடத்தில் "ஸ்பிரிங்ஃபீல்ட்" என்பதன் இரண்டு எழுத்துகளை மறைத்தபடி, புது நாணயம் போல ஒரு சின்னப் பளபளப்பு. அன்று பையில் இருந்த மீதி 9 தோட்டாக்களைப் பிரிக்க ஒரு மாலை முழுக்கப் போயிற்று.

இந்த அறிகுறிகள் தாமதமாகத்தான் வரும், இவை தெரிவதற்குள் எல்லையைத் தாண்டியிருப்பீர்கள். அதனால் குரோனோகிராஃபை நம்புங்கள். உங்கள் குழல் கையேட்டில் சொன்ன குழலைவிட நீளமில்லை, ஆனாலும் கையேட்டின் உச்ச வேகத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் அந்தக் கூடுதல் வேகம் கூடுதல் அழுத்தத்திலிருந்துதான் வருகிறது.

3 தோட்டா சுட்டேன், அரை அங்குலத்துல விழுந்துச்சு. லோடு கிடைச்சிடுச்சுதானே?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இன்னும் கிடைக்கவில்லை. மூன்று தோட்டாக் குவியல் சும்மா அதிர்ஷ்டத்தாலேயே பாதியாகவும் ஒன்றரை மடங்காகவும் மாறும். என் .30-06-இல் ஒரே லோடை, ஒரே பெட்டியிலிருந்து, மூன்று மூன்றாகப் பத்துத் தடவை சுட்டேன், குழல் ஆற நேரம் விட்டு, இரண்டு நாளில். சிறியது 0.5 அங்குலம், பெரியது 1.6. சராசரி 1 அங்குலத்துக்குப் பக்கம். பத்துக் காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது 30 ஓட்டையும் சேர்ந்து 2 அங்குலம் வந்தது. அந்த ரைஃபிளின் உண்மையான எல்லை அந்த 2 அங்குலம்தான். 0.5 காகிதத்தை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்திருந்தால் நான் என்னையே ஏமாற்றியிருப்பேன்.

கணக்காகவும் சொல்கிறேன். சிதறல் மாறாத ஒரு ரைஃபிளில் 3 தோட்டாக் குவியல் சராசரியாக 1 அங்குலம் என்றால், 5 தோட்டாவில் அது ஏறத்தாழ 1.27, 10 தோட்டாவில் கிட்டத்தட்ட 1.6. லோடு கெட்டுப்போகவில்லை, ரைஃபிளும் கெடவில்லை, ஓட்டை கூடக் கூடக் குவியல் விரியத்தான் செய்யும். அதனால் 3 தோட்டாவை ஒரு லோடைக் கழிக்க மட்டும் பயன்படுத்துங்கள். மூன்றே தோட்டாவில் இரண்டரை அங்குலம் போனால் அந்த லோடைத் தூக்கிப் போடலாம், நான்காவது தோட்டா அதைச் சிறிதாக்கப் போவதில்லை. நல்லது என்று முடிவுகட்ட 10, முடிந்தால் 20.

லேடர் டெஸ்ட் பண்ணினா நோடு கிடைக்கும்னு சொல்றாங்களே?

லேடர் என்பது மருந்தைச் சின்னச் சின்னப் படியாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் ஒன்று சுட்டு, எங்கே ஓட்டைகள் ஒரே உயரத்தில் கூடுகின்றன என்று பார்ப்பது. அப்படிக் கூடும் இடத்தைத்தான் நோடு என்கிறார்கள். கிரெய்ட்டன் ஆடெட் என்ற அமெரிக்கச் சுடுநர் பெயரில் இந்த முறை பரவியது. அழுத்தம் எங்கே ஏறுகிறது, வேகம் எப்படி ஏறுகிறது என்று பார்க்க இது நல்ல வழி, நானும் அதற்குத்தான் செய்கிறேன்.

ஆனால் படிக்கு ஒரு தோட்டா வைத்து நோடு கண்டுபிடிப்பது என்றால், முந்தின பதிலில் சொன்ன அதிர்ஷ்டக் கணக்கு இங்கே இன்னும் மோசமாகும். சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது: அதே லேடரை அடுத்த வாரம் மறுபடி சுடுங்கள். நோடு அதே இடத்தில் நின்றால் என்னிடம் சொல்லுங்கள். நான் மூன்று ரைஃபிளில் செய்து பார்த்துவிட்டேன், மூன்றிலும் அது இடம் மாறிவிட்டது. கால் கிரெயின், அரை கிரெயின் என்று தேடுவதைவிடக் குண்டை மாற்றிப் பார்ப்பதில் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

குண்டை ரைஃப்ளிங்குக்கு எவ்வளவு பக்கத்துல வைக்கணும்?

ரைஃப்ளிங் என்பது குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளம். வேட்டைக்கு முதல் நிபந்தனை, தோட்டா மேகசினில் (ரைஃபிளில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடங்க வேண்டும். தரநிலைப்படி .308-க்கு மொத்த நீளம் 2.810 அங்குலம், .30-06-க்கு 3.340. கையேட்டில் உங்கள் குண்டுக்குக் கொடுத்த நீளத்திலிருந்து ஆரம்பியுங்கள். செம்புக் குண்டுகளுக்கு ரைஃப்ளிங்கிலிருந்து 0.050 அங்குலம் தள்ளி ஆரம்பிக்கும்படி பார்ன்ஸ் கம்பெனி சொல்கிறது, அது நடைமுறையில் ஒத்துவருகிறது.

ரைஃப்ளிங்கைத் தொட்டபடி குண்டு வைப்பது போட்டிக்காரர்கள் வேலை. அழுத்தம் ஏறும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, சாயங்காலம் சுடாமல் திரும்பும்போது போல்ட்டை இழுத்தால் குண்டு குழலில் மாட்டிக்கொண்டு கேஸ் மட்டும் வெளியே வரும், மருந்து முழுக்க, போல்ட் ஓடும் இடமான ஆக்‌ஷனுக்குள் கொட்டும், அன்றைய வேட்டை அதோடு முடியும்.

கேஸ்ல கழுத்தை மட்டும் சைஸ் பண்ணினா துல்லியம் கூடுமா?

சைஸ் என்பது சுட்டதால் விரிந்த கேஸை டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. வேட்டைக்கு முழு நீளமும் சைஸ் செய்யுங்கள். தோள்பட்டையை 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் போதும், கேஸும் நீடிக்கும், தோட்டாவும் இடிக்காமல் அறைக்குள் போகும். கழுத்தை மட்டும் சைஸ் செய்த கேஸ் நாலைந்து தடவை சுட்டதும் இறுக ஆரம்பிக்கும், குளிரில் விறைத்த விரலோடு மான் நிற்கும்போது போல்ட் மூடாது.

நீளத்தையும் பாருங்கள்: .308 கேஸ் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 2.005-க்கு வெட்டுவார்கள். .30-06-க்கு அதே கணக்கு 2.494, 2.484. பருவத்துக்கு எடுத்து வைக்கும் 20 தோட்டாவையும் ரேஞ்சில், குழலை மண்மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, மேகசினில் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

எஸ்.டி. 8 வந்துச்சு, சூப்பர் லோடுதானே?

எஸ்.டி. (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) என்பது வேகங்களின் சிதறல், விநாடிக்கு இத்தனை அடி என்று சொல்வார்கள். எத்தனை தோட்டாவில் வந்தது என்பதுதான் முதல் கேள்வி. 5 தோட்டாவில் 10 என்று வந்தால், உண்மையானது ஏறத்தாழ 6.5-இலிருந்து 24 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 20 தோட்டாவில் அதே 10 வந்தால் 8-இலிருந்து 14-க்குள் என்று நம்பலாம்.

அப்புறம், வேட்டைத் தூரத்தில் இது எவ்வளவு முக்கியம் என்றும் பாருங்கள். .308-இல் வேகம் விநாடிக்கு 50 அடி மாறினாலும் 300 யார்டில் உயரம் சுமார் ஓர் அங்குலம்தான் மாறும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறத்தாழ 8 அங்குல வட்டம். ஆயிரம் யார்டு சுடுபவருக்கு இந்த எண் பெரிய விஷயம், 200 யார்டில் மரத்தில் சாய்ந்து சுடுபவருக்கு அல்ல.

என்ன லோடு போட்டாலும் மூணு அங்குலத்துக்குக் கீழ வரமாட்டேங்குது. ரைஃபிளை வித்துடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, ரைஃபிளில் பிடிக்கும் மவுண்ட் திருகுகள். ஒரு நண்பர் இரண்டு மாதம் மருந்து மாற்றிக்கொண்டே இருந்தார், கடைசியில் பார்த்தால் கடையில் மாட்டிக் கொடுத்த ஸ்கோப்பின் முன்பக்க பேஸ், கையால் தொட்டாலே அசைந்தது. அடுத்து ஸ்டாக்கை (ரைஃபிளின் கட்டை) பிடித்திருக்கும் ஆக்‌ஷன் திருகுகள். அதன் பிறகு குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டையோ டாலரையோ விட்டு இழுத்துப் பாருங்கள், ஸ்டாக்கைத் தொடாமல் நிற்க வேண்டிய குழல் எங்காவது உரசினால் அங்கே சிக்கும். குழலில் படிந்த செம்பையும் ஒரு தடவை நன்றாக எடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் இரண்டு வகைக் கடைத் தோட்டா வாங்கி, நன்றாகச் சுடும் இன்னொருவரைச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் 3 அங்குலம் வந்தால் ரைஃபிள், அவருக்கு ஒன்றரை வந்தால் நாம். மெல்லிய வேட்டைக் குழல் சூடேறினால் ஓட்டை நகரும், எனவே இரண்டு மூன்று சுட்டதும் போல்ட்டைத் திறந்து நிழலில் வைத்து ஆறவிடுங்கள்.

ஆகஸ்ட்ல அருமையா இருந்துச்சு, டிசம்பர்ல கீழ அடிக்குது. ஏன்?

மருந்துக்கும் சூடு குளிர் தெரியும். சில மருந்துகளில் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு விநாடிக்கு 1 அடிக்கும் மேல் வேகம் மாறும். 100 டிகிரியில் செய்த லோடை 30 டிகிரியில் சுட்டால் 70 அடி போச்சு, எஸ்.டி. கேள்வியில் சொன்ன கணக்கை வைத்து அது எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். 100 யார்டிலேயே இறக்கம் தெரிகிறது என்றால் மருந்தைவிட ஸ்கோப்பையும் ஸ்டாக்கையும்தான் முதலில் சந்தேகிப்பேன்.

நேர்மாறானதுதான் ஆபத்து: குளிரில் உச்சத்துக்கு ஏற்றிய லோடு, வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டில் கிடந்து சூடான பிறகு உச்சத்தைத் தாண்டிவிடும். நான் எப்போதும் உச்சத்துக்கு ஒரு படி கீழேயே நிற்கிறேன், 300 யார்டுக்குள் எந்த மானும் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில்லை.

வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்க. மருந்து, பிரைமர் எல்லாம் எங்க வைக்கிறது?

பூட்டிய மர அலமாரியில், வந்த டப்பாவிலேயே, வெயிலும் வாட்டர் ஹீட்டரும் படாத இடத்தில். பலரும் மேற்கோள் காட்டும் தேசியத் தீத் தடுப்புத் தரநிலைப்படி வீட்டில் சாதாரணமாக 20 பவுண்டு மருந்து வரை வைக்கலாம், அதற்கு மேல் 50 வரை என்றால் ஒரு அங்குலத் தடிமனுள்ள மரப் பெட்டி வேண்டும், பிரைமர் 10,000 வரை. ஊரின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். இந்த மருந்து வெளியில் எரிந்தால் எரிந்து தீரும், இறுக மூடிய இரும்புக்குள் எரிந்தால் வெடிக்கும்.

ரேஞ்சிலிருந்தும் மேசையிலிருந்தும் எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் குழந்தையைத் தூக்குங்கள். பிரைமர் புகையிலும் கேஸ் சுத்தம் செய்யும் தூசியிலும் ஈயம் இருக்கிறது.

சரி, எப்போ தேடுறதை நிறுத்தலாம்?

10 தோட்டா, குழல் ஆறவிட்டுச் சுட்டது, 2 அங்குலத்துக்குள். அழுத்த அறிகுறி இல்லை. மேகசினிலிருந்து தடங்கலில்லாமல் ஏறுகிறது. குண்டு அந்த மிருகத்துக்கு ஏற்றது. இது வந்ததும் நிறுத்திவிடுங்கள். குண்டு, மருந்து லாட், பிரைமர், கேஸ், நீளம், தேதி எல்லாவற்றையும் பெட்டி மேல் எழுதி ஒட்டுங்கள், அதே லாட்டில் இன்னொரு டப்பா கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

மீதிப் பிரைமரையெல்லாம் மேசையை விட்டு எழுந்து சுடுவதற்குச் செலவழியுங்கள். நான் அக்டோபர் முழுக்க 8 அங்குலக் காகிதத் தட்டை 100 யார்டில் குத்தி வைத்து, தரையில் உட்கார்ந்தும், தடியில் சாய்ந்தும், மூச்சு வாங்க ஓடி வந்தும் சுடுவேன். முதல் தோட்டா எங்கே விழுந்தது என்பதை மட்டும், குளிர்ந்த குழலில் போனது என்பதால், பேனாவால் தனியாக வட்டமிட்டுத் தேதி போடுவேன். 10-இல் 10-உம் தட்டுக்குள் விழாத தூரத்தில் அந்த வருஷம் நான் மானைச் சுடுவதில்லை. போன வருஷம் அது 180 யார்டு.